இதுல என்ன மாவு?

என் பெண்டாட்டி என் சட்டையை மோந்து பார்க்க ஆரம்பித்தது போன வருசம் மழைக்காலத்தில். மற்ற வீடுகளில் புருசன் சட்டையை மோந்து பார்த்தால் அதற்கு வேறு அர்த்தம். எங்கள் வீட்டில் அவள் தேடியது சால்னா வாசனை. நான் துறைமுகத்திலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டதும், துவைக்க எடுப்பதுபோல எடுப்பாள். காலர், கைமடிப்பு, பை என்று ஒவ்வொன்றாக மூக்குக்குப் போகும். நான் பார்க்காத மாதிரி கைகால் கழுவிக்கொண்டிருப்பேன்.

எனக்குச் சீலியாக் என்று ஒரு வியாதி. கோதுமை என் குடலுக்கு ஆகாது, அவ்வளவுதான் விஷயம். கோதுமை என்றால் சப்பாத்தி மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. மைதா, ரவை, சேமியா, பன், ரஸ்க், கேக், பரோட்டா எல்லாம் அந்தக் குடும்பம்தான். ஒரு துணுக்கு உள்ளே போனாலும் வயிறு பானையாக உப்பும், வயிற்றோட்டம் பிடிக்கும், இரண்டு நாளைக்குக் கால் தரையில் பாவாது. இதற்கு மாத்திரை கிடையாது, திங்காமல் இருப்பதுதான் மருந்து என்றார் டாக்டர். அரிசி, மீன், கறி, முட்டை, தேங்காய், கருப்பட்டி எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாமாம். அவர் என்னமோ சலுகை கொடுப்பதுபோலத்தான் சொன்னார். சாயங்காலம் ஆனால் தெருவுக்குத் தெரு கல்லில் பரோட்டா தட்டுகிற சத்தம் கேட்கும் தூத்துக்குடியில் அதை வைத்து நான் என்ன செய்ய?

ஆனால் என் பெண்டாட்டி அந்த வார்த்தையை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். வீட்டிலிருந்த கோதுமை மாவு டப்பா அன்றைக்கே பக்கத்து வீட்டுக்குப் போனது. சப்பாத்தி சுட்ட கல் பரணுக்குப் போனது. ஒருநாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தை வாசித்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதில் மைதா சேர்த்திருந்தது. சாம்பாரிலும் ரசத்திலும் நாங்களே எங்கள் கையால் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். அதற்குப் பிறகு அவள் உலகத்தில் எதையும் நம்பவில்லை. மில்லில் மிளகாய்த்தூள் திரிக்கப் போனால், முன்னால் யாராவது அரிசி திரித்து முடிக்கும்வரை ஓரமாக நிற்பாள். இல்லாவிட்டால் மெசினில் ஒட்டியிருக்கும் கோதுமை நம் தூளோடு வந்துவிடுமாம். மீன் பொரித்து விற்கிறவரிடம், பேக்கரியில், கல்யாண வீட்டில், மருந்துக் கடையில்கூட ஒரே கேள்விதான்: "இதுல என்ன மாவு?" மருந்துக் கடைக்காரர் ஒருமுறை, "அம்மா, இது காய்ச்சல் மாத்திர" என்றார். "அதான் கேக்கேன், மாத்திரைய எத வச்சு உருட்டியிருக்கு?" என்றாள். அவர் உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார்.

இவ்வளவு செய்தும் எனக்கு வயிறு சரியாகவில்லை. அங்குதான் சந்தேகம் ஆரம்பித்தது.

வாரம் முழுக்க ஓரளவு நன்றாக இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வயிறு உப்பத் தொடங்கும். திங்கள்கிழமை ஆபீசுக்கு லீவு. டாக்டர் மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். பேப்பரை என்னிடம் தராமல் அவளிடம் நீட்டி, "எங்கேயோ சாப்பிடுறாரும்மா. இப்படியே போனா மதுரைக்கு அனுப்பி குழாய் விட்டுப் பாக்கணும், ஸ்டீராய்டு கொடுக்கணும்" என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கள்ளச்சாவி போட்டு அலமாரியைத் திறந்தவனைப் பார்க்கிற பார்வை அது.

ஞாயிற்றுக்கிழமை வயிறு கெடுகிறது என்றால் சனிக்கிழமை எதையோ தின்கிறான். அவள் கணக்கு இதுதான். சனிக்கிழமைதான் எனக்கு ஆபீஸ் முடிய நேரமாகும். அதோடு அவளுடைய சின்னம்மா மகள் ஒருத்தி, நான் பரோட்டாக் கடை வாசலில் நிற்பதை ஆட்டோவில் போகும்போது பார்த்துவிட்டாள். பார்த்தவள் சும்மா இருப்பாளா? வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் போனில் சொல்லிவிட்டாள்.

"எங்கன நின்னீய?" என்று கேட்டாள் என் பெண்டாட்டி.

"கடை வாசல்ல."

"என்னத்துக்கு?"

உண்மையைச் சொன்னேன். "வாசனைக்கு."

நான் நின்றது வாசனைக்குத்தான். கல்லில் எண்ணெய் பட்டு மாவு பொரிகிற அந்த வாசனையை நாலு இழுப்பு இழுத்துவிட்டு வண்டியை எடுத்து வந்துவிடுவேன். ஆனால் இந்தப் பதிலை எந்தப் பெண்டாட்டி நம்புவாள்? அவள் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து மோந்தாள். வாசலில் நின்றவன் சட்டையில் வாசனை இல்லாமலா இருக்கும்?

சரி, நானும் யோக்கியன் கிடையாது. எனக்கும் அவள்மேல் சந்தேகம் வந்தது. நான் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறேன். கன்டெய்னருக்குள் இருப்பது இன்னது என்று காகிதம் ஒன்று சொல்லும், கதவைத் திறந்தால் வேறொன்று இருக்கும். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒருநாள் அவள் சேலை முந்தானையில் ரஸ்க் துகள் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். கொல்லைப்பக்கம் மாவாட்டுகிற கல்லுக்குப் பின்னால் ஒரு ரஸ்க் பாக்கெட் இருந்தது. எனக்காகக் கோதுமையை வீட்டைவிட்டே துரத்தியவள், துணி காயப்போடப் போகிற சாக்கில் ஒளிந்து நின்று ரஸ்க் தின்றிருக்கிறாள்.

"ஏளா, அந்தக் கையோடதான எனக்குச் சோறு போடுத?" என்றேன்.

"சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் வாரேன். நான் ரஸ்க் திங்குதேன்னா ஒத்துக்கிடுதேன். நீங்க பரோட்டா திங்கத ஒத்துக்கிடுங்க. நாம சமாதானமாப் போயிருவோம்."

திங்காததை எப்படி ஒத்துக்கொள்வது?

டிசம்பர் பிறந்தது. கடைவீதியில் நட்சத்திரம் தொங்கியது. மக்ரூன் கடைகளில் கூட்டம். எங்கள் ஊர் மக்ரூன் முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளையும்தான், மாவே கிடையாது. எனக்கென்றே கண்டுபிடித்த மாதிரி பலகாரம். வழக்கமாக முதல் வாரமே ஒரு டப்பா வந்துவிடும். அந்த வருசம் வரவில்லை. ஒருநாள் காலையில் அவள் கஞ்சியை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "உள்ளதச் சொல்லுத வரைக்கும் இதான். கிறிஸ்மஸ் அன்னிக்கும் இதான். பிரியாணி இல்ல, சீலா மீன் இல்ல, ஒண்ணும் இல்ல. குடல்ல புண்ண வச்சுக்கிட்டு ஊர் மேய்ற ஆளுக்கு நான் விருந்தாக்கிப் போட மாட்டேன்."

பிரியாணி போனால் போகட்டும் என்று சொல்லுகிற அளவுக்கு நான் துறவி இல்லை. ஆனாலும் பிரியாணியைவிட அந்த 'உள்ளதச் சொல்லுத வரைக்கும்' என்ற பேச்சுத்தான் என்னைச் சுட்டது. இத்தனை வருசம் கூட வாழ்ந்தவள் என்னைப் பொய்யன் என்று முடிவு கட்டிவிட்டாள். அந்த டிசம்பரில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவள் என்னை நம்ப வேண்டும்.

"நான் என்ன செஞ்சா நம்புவ?" என்று கேட்டேன்.

"தினமும் காலம்பர பூசைக்கு வாங்க. வந்து நன்ம வாங்குங்க. பொய்யச் சொல்லிட்டு அந்த நாக்குல ஆண்டவர வாங்குத ஆளு நீங்க இல்ல. அது எனக்குத் தெரியும்."

நன்மை வாங்குவது என்று எங்கள் கடற்கரையில் சொல்வது நற்கருணையைத்தான். பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிற மெல்லிய வெள்ளை வட்டம், ஓஸ்தி; எங்களுக்கு அது ஆண்டவரேதான். பாவத்தோடு அதை வாங்கக் கூடாது என்று பால்குடி மறந்த நாளிலிருந்து சொல்லிச் சொல்லி எங்களை வளர்த்திருக்கிறார்கள். கடலில் எந்தப் புளுகும் புளுகுகிறவன்கூட அந்த வரிசையில் நிற்கும்போது ஒருதரம் யோசிப்பான். அதுவரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த நான், கிறிஸ்மஸுக்கு முந்திய அந்த நாட்களில் தினமும் விடியக்காலம் அவளோடு போனேன். வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் அவள். நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டு திரும்பும்போது அவள் முகத்தைப் பார்ப்பேன். முதல் நாள் அவள் கண் கலங்கியிருந்தது. நம்பிவிட்டாள் என்று தெரிந்தது. அன்றைக்கு இட்லியும் கெட்டிச் சட்னியும் வைத்தாள்.

இரண்டு நாளில் எனக்கு வயிறு உப்பியது. நாலாம் நாள் ஆபீசில் கழிப்பறைக்கும் நாற்காலிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். முன்னால் வாரத்துக்கு ஒருமுறை வந்தது இப்போது நாள் தவறாமல் வந்தது. கன்னம் ஒட்டிப்போனது. ஆபீசில் எல்லார்மேலும் எனக்குச் சந்தேகம். டீக்கடைக் கண்ணாடித் தம்ளரில் எவனாவது பன்னை முக்கியிருப்பான். இட்லியில் ரவை கலந்திருப்பான். அதனால் பச்சைத் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டேன். அப்படியும் நிற்கவில்லை.

வீட்டில் அவள் சட்டையை மோந்து பார்ப்பதை நிறுத்திவிட்டாள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஒருநாள் பூசை முடிந்து கோயில் படியில் இறங்கும்போது, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"இப்ப தினமும் திங்கீயளோ?"

"ஏளா, உன் கண்ணு முன்னாலதான நன்ம வாங்குதேன்."

"அதான் எனக்குப் பயமா இருக்கு. என்னைய ஏமாத்துனா ஏமாத்திட்டுப் போங்க. ஆண்டவரையுமா?"

வீட்டுக்கு வந்ததும் இட்லி இல்லை, மறுபடியும் கஞ்சியைத்தான் என் முன்னால் வைத்தாள். என் மானம் போனது என்றுதான் நினைத்தேன். வயிற்றைக்கூட மறந்துவிட்டேன்.

கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவளுடைய அக்கா வந்தார்கள். கன்னியாஸ்திரி. உறவுமுறைக்கு எனக்கு மதினி, ஆனால் அங்கியைப் பார்த்தால் வாயில் சிஸ்டர் என்றுதான் வரும். வருசா வருசம் மடத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு பகல் வந்துவிட்டுப் போவார்கள். கல்லூரி விடுமுறைக்கு என் மகளும் வந்திருந்தாள். பெரியம்மா அவளுக்கென்று பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார்கள். மடத்தில் ஓஸ்தி சுட்டு வட்டவட்டமாக வெட்டியெடுத்த பிறகு மிஞ்சுகிற ஓரத் துண்டுகள். பூசையில் வைத்து மந்திரிக்காத வெறும் துண்டுகள், ஆகையால் யாரும் தின்னலாம். அப்பளம்போல வாயில் கரையும். எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் அது பெரிய பண்டம், என் மகள் இந்த வயதிலும் அதற்கு அடித்துக்கொள்வாள்.

"தம்பிக்கும் ரெண்டு குடு" என்றார்கள் மதினி. "கஞ்சியக் குடிச்சு ஆளு ஓடாப் போயிட்டாருல்லா."

மகள் நீட்டினாள். நானும் கையை நீட்டிவிட்டேன். அடுப்படியிலிருந்து காபி கொண்டுவந்த என் பெண்டாட்டி, எந்தப் பொட்டலத்தைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வியை வாய்ப் பழக்கத்தில் கேட்டாள்.

"இதுல என்ன மாவு?"

"என்ன கேள்வி இது?" என்று சிரித்தார்கள் மதினி. "ஓஸ்தியில வேற என்னத்தப் போடுவாவ? சுத்தக் கோதும மாவும் தண்ணியும்தான். வேற ஒண்ணு சேத்தாச் செல்லாது."

அவள் காபித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். என் கை நீட்டியபடியே இருந்தது.

அது கோதுமை என்று எங்களுக்குத் தெரியாதா என்று கேட்டால், தெரியும். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் படித்ததுதான். பூசையில் சாமியார் அப்பம் என்று சத்தமாகச் சொல்வதுதான். ஆனால் பெருங்காயத்தையும் காய்ச்சல் மாத்திரையையும் சந்தேகப்பட்டவளுக்கு, அதைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. எங்களைப் பொறுத்தவரை அது சாப்பிடுகிற சாமான்களில் சேர்த்தியே இல்லை. மூன்று தலைமுறை மூத்தவர்களைக் கேட்டிருந்தாலும் அவர்களுக்கும் தோன்றியிருக்காது.

மகள் என் வியாதியை எடுத்துச் சொல்ல, மதினிக்கு விஷயம் புரிந்ததும் முகம் மாறியது. "அதெப்படி? சாமியார் மந்திரிச்சு எழுந்தேற்றம் முடிஞ்ச பொறவு அது மாவு இல்லியே" என்றார்கள்.

"நமக்கு ஆண்டவர்தாங்க்கா" என்றாள் என் பெண்டாட்டி. "அது இவிய கொடலுக்குத் தெரியணும்லா."

தட்டைக் கீழே வைத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள். "ஞாயித்துக்கெழம, ஞாயித்துக்கெழம" என்று இரண்டுமுறை தனக்குள்ளே சொல்லிக்கொண்டாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "நான்லா உங்களத் தினமும் கூட்டிட்டுப் போனேன்."

அவள் அழுதாள். மதினியும் மூக்கை உறிஞ்சினார்கள். நான் அழவில்லை. எனக்கு வந்தது சந்தோஷம், வெட்கம் கெட்ட சந்தோஷம். நான் பொய்யன் இல்லை. அதை நிரூபிக்கப் போய்த்தான் இந்தப் பாடு பட்டிருக்கிறேன். எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்போ பிரியாணி உண்டுமா?" என்று கேட்டேன். அழுகைக்கு நடுவில் என் தொடையில் ஓங்கி ஓர் அடி கொடுத்தாள்.

மறுநாளே இருவரும் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தோம். அவர் பொறுமையாகக் கேட்டார். கோதுமைச் சத்து மிகவும் குறைந்த ஓஸ்தி இருக்கிறதாம், வரவழைக்க வேண்டும். இல்லாவிட்டால் திராட்சை ரசம், அதாவது பூசை ஒயின், மட்டும் கொடுக்கலாம், அதற்கு மறைமாவட்ட ஆயரிடம் கேட்க வேண்டும். "ரசம் மட்டும்னாலும் எனக்குச் சம்மதம்தான் சாமி" என்று நான் கொஞ்சம் அவசரமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கேட்டுச் சொல்லுதேன். இந்தக் கிறிஸ்மஸுக்கு நீங்க மனசால வாங்கிக்கிடுங்க" என்றார்.

அந்த ஒரு வாரத்தில் வயிறு அடங்கியது. அடங்க அடங்க எங்கள் அடுப்படி முழித்துக்கொண்டது. மக்ரூன் டப்பா வந்தது, கடைக்காரரிடம் மாவைப் பற்றி விசாரித்த பிறகுதான். அச்சு முறுக்கை முழுக்க அரிசி மாவிலும் தேங்காய்ப்பாலிலும் சுட்டாள். முதல் ஈடு அச்சைவிட்டு வரமாட்டேன் என்றது, இரண்டாவது வந்தது. முந்திரியைப் பொடித்து, அரிசி மாவும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து ஒரு கேக் செய்தாள். நடுவில் கொஞ்சம் அமுங்கிப் போனாலும் ருசிக்குக் குறைவில்லை. சீலா மீனுக்கு மசாலா தடவி வைத்தாள். ஆட்டுக்கறிக்குச் சொல்லி வைத்தாள். நான் அடுப்படி வாசலில் நின்று ஒவ்வொரு டப்பாவாக எடுத்து, "இதுல என்ன மாவு?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். "போங்க அங்கிட்டு" என்றாள்.

கிறிஸ்மஸ் அன்று காலைப் பூசைக்குப் போனோம். பிரியாணியைத் தம்மில் போட்டுவிட்டுத்தான் கிளம்பினாள். கோயில் நிறைந்து வழிந்தது. எங்கள் பெஞ்சுக்கு இரண்டு பெஞ்சு முன்னால் அவளுடைய சின்னம்மா மகள், ஆட்டோவில் போனவள், பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள்.

நன்மை கொடுக்கிற நேரம் வந்தது. ஒவ்வொரு பெஞ்சாக எழுந்து வரிசைக்குப் போனார்கள். எங்கள் பெஞ்சும் எழுந்தது. நான் காலை ஒதுக்கி வழி விட்டேன். என் மகள் போனாள், மற்றவர்கள் போனார்கள். ஒவ்வொருவரும் என்னைத் தாண்டும்போது குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். கிறிஸ்மஸ் அன்று நன்மை வாங்காமல் உட்கார்ந்திருக்கிற ஆம்பிளையைப் பற்றி எங்கள் ஊரில் கதை கட்ட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குடி என்பார்கள், இன்னொரு வீடு என்பார்கள், என்ன பாவமோ என்பார்கள். எழுந்து நின்று என் குடலைப் பற்றி ஒலிபெருக்கியிலா சொல்ல முடியும்? தலையைக் குனிந்துகொண்டேன்.

கடைசியாக என் பெண்டாட்டி எழுந்தாள். எழுந்தவள் நின்றாள். முன்னால் சின்னம்மா மகள் வரிசையிலிருந்து திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளும் அதைப் பார்த்தாள். மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏளா, போ. வரிசை போயிரும்" என்றேன் மெதுவாக.

"நான் போவல."

"கிறிஸ்மஸும் அதுவுமா நன்ம வாங்காம இருப்பியா? உனக்கு வயித்துக்கு ஒண்ணும் இல்லியே."

கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு கிறிஸ்மஸுக்கும் நன்மை வாங்காமல் இருந்ததில்லை. பிரசவத்துக்குக் கிடந்தபோதுகூடச் சாமியாரை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்து வாங்கினாள். "எனக்காவ இதெல்லாம் செய்யாத" என்றேன்.

"நீங்க மட்டும் இருந்தா உங்கள என்னென்னமோ நினைப்பாவ" என்றாள். "நான் நினைச்சது போதும். இனி நினைக்கவிய ரெண்டு பேரையும் சேத்தே நினைக்கட்டும்."

சின்னம்மா மகள் இப்போது எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். என் பெண்டாட்டி முக்காட்டை இழுத்துச் சரி செய்துகொண்டு, காலியாகக் கிடந்த பெஞ்சில் என்னை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தாள். நான் அவள் மடியிலிருந்த பாட்டுப் புத்தகத்தை எடுத்து, பாட்டுக் குழு பாடிக்கொண்டிருந்த பக்கத்தைத் தேடினேன்.